தம்பியின் ஈஈஜி ரிப்போர்ட் ‘நோர்மல்’. வலிப்புக் குளிசையை நிறுத்தலாமா?

சல்லிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை, சல்லியில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 22 வயது. மாமாவோடு கடலுக்குப் போகிறவன். இரண்டு வருடமாக அவனுக்கு ஒரு வருத்தம் வந்து வந்து போகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுவிடும். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாய் எதையோ சப்புவது போல அசையும். வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம். பிறகு தான் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் முழிப்பான். அது வருவதற்கு முன் வயிற்றில் இருந்து என்னவோ மேலே ஏறுவது போல இருக்கும் என்று அவனே சொல்கிறான். நித்திரையில் கை கால் இழுத்துப் பெரிய வலிப்பாகவும் வந்திருக்கிறது.

டொக்டர் இது வலிப்பு என்று சொல்லிக் குளிசை தொடங்கினார். பிறகு தலையில் வயர் போட்டு ஈஈஜி எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் ‘நோர்மல்’. சிடி ஸ்கானிலும் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் வந்ததில் இருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். மெஷினே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது, இனி என்னத்துக்குக் குளிசை, வள்ளத்துக்கு வரட்டும் என்கிறார் மாமா. அம்மா அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா, அதோடு குளிசையையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறா. அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நோர்மல் என்றால் வலிப்பு இல்லை என்றுதானே அர்த்தம்? இல்லையென்றால் அந்தப் பரிசோதனை எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலையான் எழுதியது:

தங்கச்சி, விளக்கத்தை மற்றவர்கள் எழுதுவார்கள். முதலில் இரண்டு விஷயம். குளிசையை நிறுத்த வேண்டாம். சட்டென்று விட்டால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரக்கூடும், அது உயிருக்கே ஆபத்து. அடுத்தது, அவனை இப்போது கடலுக்கு விட வேண்டாம். நடுக்கடலில் ஒரு நிமிடம் நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று மாமாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அலைவரி எழுதியது:

நான் கொழும்பில் நீண்ட காலம் ஈஈஜி எடுத்த தொழில்நுட்பவியலாளன். ஓய்வு பெற்று இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். தங்கச்சி கேட்ட கேள்வியை நோயாளிகளின் வீட்டார் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சரியான பதில் கிடைக்காமலே போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசுவது மின்சாரத்தால். அந்த மின்சாரம் மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது மிகவும் மெலிந்துவிடும். நாங்கள் பதிவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ற். ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ற். கண்ணை மூடித் திறந்தால், பல்லைக் கடித்தால், வேர்த்தால், அதெல்லாம் மூளையின் அலையை விடப் பெரிதாகத் தாளில் விழும். ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924 இல் மனிதத் தலையில் இருந்து முதன்முதலாக இதைப் பதிந்தார். வெளியிடுவதற்கு 1929 வரை காத்திருந்தார், வெளியிட்ட பிறகும் பல வருடம் பலர் நம்பவில்லை. இந்த அலையின் அளவைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஒரு சில கலங்கள் தாறுமாறாக மின்சாரத்தை வெளிவிடுவதை வெளியில் இருந்து பிடிக்க முடியாது. மூளை மேற்பரப்பில் 6 சதுர சென்ரிமீற்றர், சில வேளை 10 சதுர சென்ரிமீற்றருக்கு மேல், ஒரே நேரத்தில் சேர்ந்து வெளிவிட்டால்தான் தோலில் வைத்த வயரில் அது தெரியும். சல்லிக் கரையில் நின்று பாருங்கள். தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் கேட்காது, எல்லா வள்ளமும் சேர்ந்து கிளம்பினால்தான் கரைக்குச் சத்தம் வரும்.

தம்பிக்கு வருவதாக நீங்கள் எழுதியது, வயிற்றில் இருந்து ஏறுவது, வாய் சப்புவது, பொத்தானைத் தடவுவது, இதெல்லாம் நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டு மடலின் உட்புறத்தில் தொடங்கும் வலிப்பில் அடிக்கடி காண்பது. அந்த இடம் ஆழத்தில் இருக்கிறது. மேலே வைத்த வயருக்கு அது எட்டாமல் போவது சாதாரணம்.

இன்னொன்று நேரம். வழக்கமான ஈஈஜி 20 முதல் 30 நிமிடம். இரண்டு வலிப்புக்கு நடுவில் மூளை சில சமயம் கூரான ஒரு பொறியை வெளிவிடும், அதைத்தான் நாங்கள் தேடுகிறோம். அந்த அரை மணிக்குள் அது வர வேண்டும். வலிப்பு இருப்பது உறுதியானவர்களிலேயே முதல் ஈஈஜியில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் அது அகப்படும். திரும்ப எடுத்து, நித்திரையிலும் எடுத்தால் பத்தில் எட்டுப் பேர் வரைக்கும் போகும். மீதிப் பேருக்கு எத்தனை தரம் எடுத்தாலும் தாள் சுத்தமாகவே இருக்கலாம்.

ஆகவே ‘நோர்மல்’ என்பது அந்த அரை மணிக்கு, வயர் வைத்த இடங்களுக்கு மட்டும் சொன்ன பதில். தம்பிக்கு வருத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. தம்பிக்கு விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தார்களா, நித்திரையிலும் எடுத்தார்களா?

சல்லிக்கரை எழுதியது:

விழித்திருக்கும்போது மட்டும்தான், அண்ணா. பெரிய மூச்சு எடுக்கச் சொன்னார்கள், பிறகு கண்ணுக்கு முன்னால் லைற்றை மின்ன வைத்தார்கள். நித்திரை கொள்ளச் சொல்லவில்லை.

கிண்ணியா நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சல்லித் தங்கச்சி சொன்ன அந்தப் பெரிய மூச்சுப் பரிசோதனையைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் மகளின் கதை அதில்தான் மாறியது.

மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரே முறைப்பாடு. பாடத்தைக் கவனிக்கிறாளில்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது பென்சிலைப் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. வீட்டிலும் நாங்கள் ஏசினோம். கை கால் இழுக்கவில்லை, விழவில்லை, நுரை தள்ளவில்லை, இதை வலிப்பு என்று யார் நினைப்பார்கள்? கிளினிக்கில் ஒரு டொக்டர் கேட்டுவிட்டு ஈஈஜிக்கு அனுப்பினார். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். பாதியிலேயே மூச்சை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியூட்டரில் கோடெல்லாம் ஒரே தாளத்தில் மேலும் கீழும் போனது. பத்து செக்கன்கூட இருக்காது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்ப மூச்சு விடத் தொடங்கினாள். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

பெயர் சொல்லி, அதற்கேற்ற குளிசை கொடுத்தார்கள். இப்போது வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். ஒரு தரம் எடுத்த ஈஈஜி எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னது.

அலைவரி எழுதியது:

நானா, அது ‘அப்சன்ஸ்’ என்ற வகை. ஒரு செக்கனுக்கு மூன்று தரம், கூரும் அலையுமாக, இரண்டு பக்க மூளையிலும் ஒன்றாக வரும். அமெரிக்காவின் பொஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனக்ஸ் ஆகியோர் 1935 இல் இதை முதலில் எழுதினார்கள். இந்த வகையில் ஈஈஜி மிகவும் பலமான சாட்சி. ஆழ்ந்த மூச்சு எடுக்கும்போது குழந்தைக்கு அது வரவே இல்லை என்றால், அப்சன்ஸ்தானா என்று நாங்களே சந்தேகப்படுவோம்.

சல்லித் தங்கச்சி கேட்டாவே, பரிசோதனை எதற்கு என்று, அதற்கும் இங்கேதான் பதில். வலிப்பு என்பது ஒரே நோய் அல்ல. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தக் குளிசை என்று தெரியும். கார்பமசெப்பின் ஒரு பக்கத்தில் இருந்து தொடங்கும் வலிப்புக்கு நல்ல மருந்து. அதையே அப்சன்ஸ் பிள்ளைக்குக் கொடுத்தால் வலிப்பு கூடிவிடும். காலையில் எழும்பியதும் கை வெட்டி வெட்டித் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தவறவிடும் இளம் பிள்ளைகளுக்கு வரும் வகையிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடுவது எவ்வளவு பிழை என்று இதில் இருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

வெண்சுறா எழுதியது:

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். பாதிப் பேருக்குப் பிடிபடாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் நூறு வருடப் பழைய அந்தப் பரிசோதனைக்கு ஏன் அலைய வேண்டும்? நேரே காசு கட்டி எம்ஆர்ஐ எடுத்தால் மூளையை உள்ளுக்குள்ளேயே பார்த்துவிடலாம். படம் பொய் சொல்லாது. சல்லிக் குடும்பம் இரண்டாவது, மூன்றாவது ஈஈஜிக்கு அலையாமல் எம்ஆர்ஐக்குச் சேமிப்பதுதான் நல்லது.

திருமலைப்பெண் எழுதியது:

வெண்சுறா அண்ணா, நான் இதில்தான் ஆய்வு செய்கிறேன், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில். வலிப்பு உள்ளவர்களின் மூளைப் படங்களையும் மின்பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே என் வேலை. எம்ஆர்ஐ எடுக்கத்தான் வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் படம் பொய் சொல்லாது என்பதை ஏற்க முடியவில்லை. படம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

முதலில் சிடி. மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, சுண்ணாம்பு படிந்த பழைய புண் இருக்கிறதா, பெரிய கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சல்லித் தம்பிக்கு நாம் சந்தேகப்படும் இடம் ஹிப்போகம்பஸ். பொட்டு மடலின் உட்புறத்தில், கடற்குதிரை போல வளைந்து, சில சென்ரிமீற்றர் நீளத்தில் இருக்கும். அது சுருங்கித் தழும்பாகிப் போயிருந்தால் சிடி பெரும்பாலும் காட்டாது. எம்ஆர்ஐ காட்டும்.

ஆனால் எப்படி எடுத்த எம்ஆர்ஐயும் காட்டிவிடும் என்று இல்லை. தலையிடிக்கு எடுக்கும் சாதாரண எம்ஆர்ஐயில் வெட்டுகள் தடிப்பாக இருக்கும், நடுவில் இடைவெளியும் இருக்கும். வலிப்புக்கென்று எடுக்கும்போது மெல்லிய வெட்டுகளாக, இடைவெளி இல்லாமல், முப்பரிமாணத்தில் எடுக்க வேண்டும். ஹிப்போகம்பஸின் நீளத்துக்குக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும். உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கத்தின் குழு 2019 இல் இதற்கென்றே ஒரு முறையை எழுதிக் கொடுத்தது. அதில் கேட்கும் மூன்று வகைப் படங்களையும் 1.5 ரெஸ்லா (காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு) மெஷினிலும் எடுக்கலாம், 3 ரெஸ்லாவில் இன்னும் தெளிவு. துண்டில் ‘எம்ஆர்ஐ மூளை’ என்று மட்டும் எழுதியிருந்தால், வலிப்பு முறையில் எடுக்க வேண்டுமா என்று டொக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தம்பிக்கு எங்கே சந்தேகம் என்ற குறிப்பும் அதில் இருந்தால் படம் வாசிப்பவருக்குப் பெரிய உதவி. பிறவியில் மூளைப் பட்டை சரியாக அடுக்கப்படாமல் போன ஒரு சின்ன இடம், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவரின் கண்ணுக்குத்தான் படும்.

இப்போது முக்கியமானது. எம்ஆர்ஐயில் ஒரு தழும்பு தெரிகிறது என்று வையுங்கள். அந்தத் தழும்பில் இருந்துதான் வலிப்பு தொடங்குகிறதா? படம் அதைச் சொல்லாது. தழும்பு வலது பக்கமும் வலிப்பு இடது பக்கமுமாக இருந்தவர்கள் உண்டு. மூளைக்குள் எந்தக் கணத்தில் எது தொடங்கியது என்று மில்லிசெக்கன் கணக்கில் சொல்வது மின்பதிவு. எந்த இடம் என்று மில்லிமீற்றர் கணக்கில் சொல்வது படம். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பிடித்தால் ஆளையே கெடுத்துவிடலாம்.

1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் இரண்டு பக்க ஹிப்போகம்பஸையும் பெரும்பகுதி எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. அன்றிலிருந்து 2008 இல் இறக்கும் வரைக்கும் அந்த மனிதரால் புதிதாக நடந்த ஒன்றை மனதில் வைத்திருக்க முடியவில்லை. தன்னை வருடக் கணக்காகச் சந்தித்தவர்களையும் ஒவ்வொரு முறையும் புதியவர்களாகவே பார்த்தார். அப்போது எம்ஆர்ஐ இல்லை, ஈஈஜி இருந்தது. அதில் ஒரு பக்கத்தைக் குறித்துக் காட்டும் தடயம் எதுவும் இருக்கவில்லை. அது தெரிந்தும் கத்தி வைத்தார்கள். நினைவைப் பற்றி விஞ்ஞானத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரிடம் இருந்து வந்தது. அதற்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

வெண்சுறா எழுதியது:

விளங்குகிறது, தங்கச்சி. ஆனாலும் மில்லிசெக்கன், மில்லிமீற்றர் எல்லாம் ஆய்வுகூடத்துக்குத்தானே? சல்லியில் வலை இழுக்கிற பொடியனுக்கு உங்கள் ஆராய்ச்சியால் என்ன வரப்போகிறது? கேட்பது குறை சொல்ல அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள.

திருமலைப்பெண் எழுதியது:

நேர்மையான கேள்வி. நேராகவே சொல்கிறேன்.

வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்குக் குளிசை போதும். சரியான முதல் குளிசையிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலிப்பு நின்றுவிடும். அவர்களுக்கு என் ஆய்வுகூடம் தேவையில்லை. தேவை ஒழுங்கான குளிசை, விடாமல் கிளினிக், ஒரு நல்ல எம்ஆர்ஐ, வேண்டுமானால் நித்திரை ஈஈஜி. மீதி மூன்றில் ஒரு பங்கு ஆட்களைப் பற்றித்தான் நாங்கள் தலையைப் பிய்க்கிறோம். பொருத்தமான இரண்டு குளிசைகளைச் சரியான அளவில் போட்டும் நிற்கவில்லை என்றால், மூன்றாவது, நான்காவதில் நிற்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அப்போது வலிப்பு தொடங்கும் அந்தச் சின்ன இடத்தைக் கண்டுபிடித்து எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கனடாவில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001 இல் வெளிவந்தது, எல்லோருக்கும் பொட்டு மடல் வலிப்பு. ஒரு வருட முடிவில், நினைவு தப்பும் வலிப்பு நின்றுபோனவர்கள் சத்திர சிகிச்சைக் குழுவில் நூற்றுக்கு 58, குளிசைக் குழுவில் நூற்றுக்கு 8. இது சின்ன வித்தியாசம் இல்லை.

அந்த இடத்தைத் தேடத்தான் மற்றக் கருவிகள். பெற் ஸ்கானில் குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்கம் ஏற்றி ஊசியில் கொடுப்பார்கள். வலிப்பு இல்லாத நேரத்தில் நோய்ப்பட்ட இடம் மற்ற இடங்களை விடக் குறைவாகவே அதை உறிஞ்சும். எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாதவர்களிலும் இது சில வேளை பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ஸ்பெக்ற் என்ற ஸ்கான் நேர்மாறானது. வலிப்பு தொடங்கிய செக்கன்களுக்குள் தாதி கதிரியக்க மருந்தை ஏற்ற வேண்டும். அந்தக் கணத்தில் இரத்தம் எங்கே பாய்ந்ததோ அங்கே அது ஒட்டிக்கொள்ளும், படத்தைப் பிறகு ஆறுதலாக எடுக்கலாம். மெக் என்ற கருவி மூளையின் காந்தப் புலத்தை அளக்கும். மண்டை ஓடு அதை அவ்வளவாகக் கலைக்காது. ஆனால் வெளிக் காந்தப் புலம் நுழையாத தனி அறை வேண்டும், பழைய வகைகளுக்குக் குளிர்விக்கத் திரவ ஹீலியமும் வேண்டும்.

நான் செய்வது எம்ஆர்ஐக்குள் வைத்தே ஈஈஜி எடுப்பது. மெஷின் போடுகிற மின் இரைச்சல் மூளை அலையைப் பல மடங்கு மூடிவிடும், அதைக் கணக்கால் கழித்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பொறிக்கும் மூளையில் எங்கே இரத்த ஓட்டம் மாறுகிறது என்று பார்ப்போம். பொறி 70 மில்லிசெக்கன்கூட இருக்காது. இரத்தம் உச்சத்துக்கு வர ஐந்து, ஆறு செக்கன் எடுக்கும். மேலே வைத்த வயருக்கு எட்டாத ஆழத்தையும் இது காட்டும்.

நானாவின் மகளின் கதையை வாசித்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மொன்றியாலில் கொட்மன் குழு 2005 இல் இப்படித்தான் பார்த்தார்கள். அந்த மூன்று தாள அலை போன்றவை இரண்டு பக்கமும் வரும்போது நடுமூளைக்கு அருகில் உள்ள தலமஸில் இரத்த ஓட்டம் கூடுகிறது. அதே நேரம், நாம் சும்மா விழித்திருக்கும்போது இயங்கிக்கொண்டே இருக்கும் மூளைப் பகுதிகளில் அது குறைகிறது. அந்தப் பிள்ளை பாடத்தைக் கவனிக்க மறுக்கவில்லை. கவனிப்பதற்கான மூளை அந்தச் செக்கன்களில் நின்றுபோயிருந்தது. இதை ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் இடம் பிடிபடவில்லை என்றால் மண்டையில் சின்னத் துளைகள் போட்டு, ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய மின்கம்பிகளை உள்ளே இறக்கிப் பதிவார்கள். பாரிஸில் தலைராக், பன்கோ என்ற இருவர் வளர்த்த முறை. அது கடைசிப் படி. சல்லித் தம்பி அந்தப் படிக்கு வர வேண்டி இருக்காது என்றே நம்புகிறேன்.

சல்லித் தங்கச்சி, எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தம்பிக்குக் குழந்தையில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்ததா? வலது கை பொத்தானைத் தடவும்போது இடது கை எப்படி இருக்கும்?

சல்லிக்கரை எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். ஒரு வயது கழிந்து கடும் காய்ச்சலில் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேரும் வரைக்கும் நிற்கவில்லையாம். இதை எந்த டொக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இடது கையை மாமாதான் கவனித்திருக்கிறார். முறுக்கி விறைத்துப்போய் நிற்குமாம். பிடித்து ஆறினதும் தெளிவாகப் பேசுவான், பேச்சில் தடுமாற்றம் இல்லை.

திருமலைப்பெண் எழுதியது:

இதையெல்லாம் அப்படியே ஒரு கொப்பியில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். குழந்தையில் வந்த நீண்ட காய்ச்சல் வலிப்புக்கும் ஹிப்போகம்பஸ் தழும்புக்கும் தொடர்பு உண்டு. விறைக்கும் கைக்கு எதிர்ப்பக்க மூளையில்தான் பெரும்பாலும் வலிப்பு தொடங்கும், தடவும் கை அதே பக்கம். பேச்சும் சீக்கிரம் திரும்புகிறது. வலது பொட்டு மடலைச் சந்தேகப்பட இது போதும். முடிவு சொல்ல வேண்டியவர் டொக்டர், நான் அல்ல. பாருங்கள், எந்த மெஷினும் இல்லாமல் உங்கள் மாமாவின் கண் எவ்வளவு சொல்லிவிட்டது!

மூதூர் ரீச்சர் எழுதியது:

என் தங்கையின் கதை இதற்கு மறுபக்கம், அதனால் சொல்கிறேன். சுனாமியில் அவள் பிள்ளையை இழந்தாள். அதன் பிறகு வலிப்புப் போல வரத் தொடங்கியது. வருடக்கணக்காகக் குளிசை, அளவும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கொழும்பில் படுக்கவைத்து, கமராவும் ஈஈஜியும் ஒன்றாக ஓட விட்டார்கள். வலிப்பு வந்தது, உடல் முழுக்க உதறியது, ஆனால் அந்த நேரத்தில் மூளை அலை சாதாரணமாக இருந்தது. இது மின்சாரத்தால் வரும் வலிப்பு அல்ல, மனம் தாங்க முடியாததை உடல் இப்படி வெளிக்காட்டுகிறது என்று டொக்டர் எங்களை இருத்திப் பொறுமையாகச் சொன்னார். நடிப்பு என்று சொன்ன உறவினர்கள் இருக்கிறார்கள். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு அது வருவதும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. இப்போது மனநல சிகிச்சைக்குப் போகிறாள், மிகவும் குறைந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் போரும் கடலும் எடுத்ததை நினைத்தால் இப்படி எத்தனை பேர் தேவையில்லாத குளிசையோடு இருக்கிறார்களோ.

அலைவரி எழுதியது:

ரீச்சர், இதை எழுதியதற்கு நன்றி. இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. அதனால்தான் பிடிக்கும் நேரத்துப் பதிவு இவ்வளவு பெறுமதி. ஒன்றை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். வலிப்பு வராத நேரத்தில் எடுத்த ஈஈஜி நோர்மல் என்பதை வைத்து ஒருவருக்கும் ‘இது மனதால்’ என்று சொல்லக்கூடாது. உங்கள் தங்கைக்குச் சொன்னது, பிடிக்கும் நேரத்திலேயே பதிந்து பார்த்துவிட்டு.

சல்லித் தங்கச்சிக்கு: அடுத்த முறை பிடிக்கும்போது ஒருவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். தொடக்கத்தில் இருந்து, முகமும் இரண்டு கைகளும் தெரிய, முடிந்த பிறகும் இரண்டு நிமிடம். நடுவில் பெயர் கேளுங்கள், ஒரு சொல்லைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொல்லுங்கள், பிறகு அதைக் கேளுங்கள். மற்றவர் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய வலிப்பு என்றால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது. சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர் ஒன்றும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

நித்திரை ஈஈஜி எழுதித் தந்தால், முதல் நாள் தலை முழுகி எண்ணெய் இல்லாமல் வரவேண்டும், எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது. இரவு நித்திரையைக் குறைக்கச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன அளவுக்கு மட்டும் குறையுங்கள், நித்திரை கெட்டாலே வலிப்பு வரலாம். அன்றைக்குத் தம்பியைத் தனியாகப் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ அனுப்ப வேண்டாம். குளிசையை வழமை போலப் போட்டுவிட்டே வரவேண்டும், டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் மட்டும் மாற்றுங்கள்.

சம்பூர் வாசகன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 2006 இல் செல் துண்டு பட்டு என் தலையில் காயம். ஒரு சின்னத் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள். காயம் பட்டுப் பல வருடத்துக்குப் பிறகு வலிப்புத் தொடங்கியது. எம்ஆர்ஐக்குப் போனபோது இரும்பு இருக்கிறது, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் என் மாதிரி ஆட்களுக்கு வழி இல்லையா?

திருமலைப்பெண் எழுதியது:

அண்ணா, திருப்பி அனுப்பியது உங்கள் பாதுகாப்புக்காக. காந்தம் இழுக்கும் உலோகமாக இருந்தால் எம்ஆர்ஐக்குள் அது அசையலாம், மூளைக்குள் அசைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் உடம்பில் துண்டோடு வாழ்பவர்கள் நிறையப் பேர். தலையோ, கண்ணோ, காலோ, எவ்வளவு பழையதாக இருந்தாலும் எம்ஆர்ஐ அறைக்குள் போக முதல் கட்டாயம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

மூளைக்குள் ஊடுருவிய காயத்துக்குப் பிறகு வலிப்பு வருவது மிகவும் அதிகம். வியட்நாம் போரில் அப்படிக் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களைத் தொடர்ந்து பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது, சிலருக்குப் பல வருடம் கழித்து. உங்களுக்குத் தழும்பு எங்கே என்று சிடியே நன்றாகக் காட்டும். அதோடு ஈஈஜி. வழி இருக்கிறது.

அலைவரி எழுதியது:

சம்பூர் தம்பி, ஈஈஜி எடுக்கப் போகும்போது காயம் பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள், எலும்பில் ஓட்டை இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். எலும்பு இல்லாத இடத்தில் அலை பெரிதாகவும் கூராகவும் வரும். அது நோய் அல்ல, எலும்பு மறைக்காததால் அப்படித் தெரிவது. தெரியாத ஒருவர் அதை வலிப்புப் பொறி என்று வாசித்துவிடக்கூடும். காயத்தைப் பற்றி ரிப்போர்ட் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும்.

சம்பூர் வாசகன் எழுதியது:

இதை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, அண்ணா. பழைய எக்ஸ்ரே வீட்டில் இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு சேர்த்து எடுத்துப் போகிறேன்.

வெண்சுறா எழுதியது:

சல்லித் தங்கச்சி, காசு கட்டி அவசரமாக எடுப்பதாக இருந்தாலும் டொக்டரிடம் வலிப்பு முறை என்று எழுதி வாங்கிக்கொண்டே எடுங்கள். தடித்த வெட்டில் எடுத்தால் திரும்பவும் ‘நோர்மல்’ என்று வந்து வீட்டுச் சண்டை கூடிவிடும். நான் இன்னும் எம்ஆர்ஐ பக்கம்தான், ஆனால் ஈஈஜியை விடச் சொல்ல மாட்டேன்.

சல்லிக்கரை எழுதியது:

இந்த இழை முழுவதையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இடது கை விறைப்பதை நான்தானே பார்த்தேன், கிளினிக்குக்கு நானும் வருகிறேன் என்றார். கரையில் வலை பின்னுகிற வேலையும் மீன் நிறுக்கிற வேலையும் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா நேர்த்தியை விடமாட்டா, நாங்களும் விடச் சொல்லவில்லை, குளிசை போடும் நேரத்தை இப்போது அவவே பார்க்கிறா. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வலிப்புக்கென்று தனி நிலையம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அங்கே நேரே போகலாமா?

உவர்மலையான் எழுதியது:

முதலில் இங்குள்ள கிளினிக்கில் இருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், தங்கச்சி. ஈஈஜித் தாள், சிடி படம், குளிசைத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். இரவு ரெயினில் போவதென்றால் தம்பிக்கு நித்திரை கெடாமல் இருக்கை பதிந்து எடுங்கள். இரவுக் குளிசையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.